ஒன்றன்மேல் ஒன்று விழும் ஈர்ப்பலைச் சமிக்ஞைகள்: பிரித்தெடுக்கும் முறை

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்க ஈர்ப்பலைக் கருவியான லைகோ முதன்முதலாகப் பிடித்த கருந்துளை இணைவு 0.2 நொடிதான் கேட்டது. 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான நியூட்ரான் விண்மீன் இணைவு சுமார் 100 நொடி நீடித்தது. இந்த இரண்டுக்கும் முன்னும் பின்னும் வெறும் இரைச்சல் தாராளமாக இருந்தது. இன்று புழக்கத்தில் உள்ள தேடல் நிரல்களும் அளவுரு மதிப்பீட்டு நிரல்களும் அந்த வசதியை நம்பி எழுதப்பட்டவை: ஒரு தரவுத் துண்டு, அதில் ஒரு சமிக்ஞை, பக்கத்தில் சுத்தமான இரைச்சல்.

அடுத்த தலைமுறை ஈர்ப்பலைக் கருவிகளான ஐன்ஸ்டைன் டெலஸ்கோப்பும் காஸ்மிக் எக்ஸ்புளோரரும் வந்தால் இது செல்லாது. முதலாவது, நிலத்தடியில் 10 கிலோமீட்டர் கைகளுடன் முக்கோண வடிவிலோ, 15 கிலோமீட்டர் கைகளுடன் இரண்டு எல் வடிவிலோ திட்டமிடப்படுகிறது. இரண்டாவதற்கு 40 கிலோமீட்டர் நீளக் கைகள். 5 ஹெர்ட்ஸையும் அதற்குக் கீழேயும் கேட்கக்கூடிய கருவியில் எந்த நேரமும் ஏதாவது ஒரு சமிக்ஞை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பைத்தான் தெரிந்து, பில்பி அல்லது பைசிபிசி என்ற ஈர்ப்பலைப் பகுப்பாய்வு நிரல்களைக் கொண்டு ஒற்றைச் சமிக்ஞையை ஒருமுறையாவது ஆராய்ந்தவர்களுக்கான வழிகாட்டி இது. இரண்டு சமிக்ஞைகள் ஒரே நேரத்தில் இருப்பதாலேயே ஆபத்து வந்துவிடாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் இருக்க வேண்டும், அதுவும் போதிய காலம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஜோடிகள் சொற்பம். எல்லாவற்றுக்கும் கனமான கூட்டுப் பகுப்பாய்வை (இரு சமிக்ஞைகளையும் ஒன்றாகப் பொருத்துவதை) ஓட்டுவது கணினி நேரத்தை வீணாக்குவதுதான். முதலில் சலித்தெடுங்கள்.

எவ்வளவு நேரம், எத்தனை

ஒரு சமிக்ஞை குறிப்பிட்ட அதிர்வெண்ணிலிருந்து இணைவு வரை எடுக்கும் நேரத்தை ஒரே வரியில் கணக்கிடலாம். சிர்ப் நிறையை (இரு நிறைகளும் சேர்ந்து தரும், அதிர்வெண் ஏறும் வேகத்தை நிர்ணயிக்கும் நிறையை) நொடியாக மாற்றுங்கள் (ஒரு சூரிய நிறை என்பது 4.925 மைக்ரோநொடி). அதை −5/3 அடுக்குக்கு உயர்த்துங்கள். அதிர்வெண்ணை πயால் பெருக்கி −8/3 அடுக்குக்கு உயர்த்துங்கள். இரண்டையும் பெருக்கி, 5/256ஆல் பெருக்கினால் விடை நொடியில் கிடைக்கும்.

1.4 சூரிய நிறை கொண்ட இரு நியூட்ரான் விண்மீன்களுக்குச் சிர்ப் நிறை 1.22. இவற்றுக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து 158 நொடி, 10 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 1,000 நொடி, 5 ஹெர்ட்ஸிலிருந்து 6,360 நொடி, அதாவது 1 மணி 46 நிமிடம். 2 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 20 மணி நேரம். 30 சூரிய நிறை கொண்ட இரு கருந்துளைகளோ 5 ஹெர்ட்ஸிலிருந்து 38 நொடியில் முடிந்துவிடும்.

இங்கே போட வேண்டிய நிறை, கருவி காணும் நிறை. மூலத்தின் உண்மை நிறையைச் செம்பெயர்ச்சியோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம். செம்பெயர்ச்சி 1 என்றால் நிறை இரட்டிப்பாகி, நேரம் 3.2 மடங்கு குறையும்; மேற்சொன்ன 1 மணி 46 நிமிடம் 33 நிமிடமாகிவிடும்.

அடுத்தது நிகழ்வு வீதம். நியூட்ரான் விண்மீன் இணைவு வீதம் இன்னும் பெரிய இடைவெளிக்குள்தான் கட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவது ஈர்ப்பலைப் பட்டியல் ஒரு கன கிகாபார்செக்குக்கு ஆண்டுக்கு 10 முதல் 1,700 வரை என்றது. ஆகவே ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் குறைந்தது மூன்று வீதங்களில் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் என்று வைத்தால், சராசரியாக 316 நொடிக்கு ஒரு இணைவு. ஒவ்வொன்றும் 33 நிமிடம் ஓடினால் எந்தக் கணத்திலும் சராசரியாக 6.3 சமிக்ஞைகள் உயிரோடு இருக்கும். ஒன்றுமே இல்லாத கணத்தின் நிகழ்தகவு 0.2 சதவீதம். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அதே வீதத்தில், அரை நொடிக்குள் அடுத்தடுத்து இணையும் ஜோடிகள் ஆண்டுக்குச் சுமார் 160, 0.1 நொடிக்குள் என்றால் 32தான்.

தடங்கள் குறுக்கிடுகின்றனவா என்று பாருங்கள்

நேரம் கிடை அச்சிலும் அதிர்வெண் நெடுக்கை அச்சிலும் இருக்கும் படத்தில் ஒவ்வொரு சமிக்ஞையும் மேல்நோக்கி வளையும் ஒரு கோடு. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டுமே தொல்லை. வெட்டுமா என்பதை இணைவு நேரங்களே சொல்லிவிடும்: கனமானது முதலில் இணைந்து, இலேசானது பிறகு இணைந்தால் கோடுகள் ஒருமுறை வெட்டும். இலேசானது முதலில் இணைந்துவிட்டால், உள்சுழல் கட்டத்தில் (இணைவுக்கு முன் நெருங்கிச் சுழலும் காலத்தில்) அவை எங்கும் தொடுவதே இல்லை. பாதி ஜோடிகளை இந்த ஒரே சோதனையில் கழித்துவிடலாம்.

வெட்டும் அதிர்வெண்ணைக் கணக்கிட, இரண்டு சமிக்ஞைகளும் 20 ஹெர்ட்ஸிலிருந்து எடுக்கும் நேரங்களின் வித்தியாசத்தை இணைவு நேர வித்தியாசத்தால் வகுத்து, 3/8 அடுக்குக்கு உயர்த்தி, 20ஆல் பெருக்குங்கள். மேலே சொன்ன கருந்துளை ஜோடி, நியூட்ரான் ஜோடிக்கு 60 நொடி முன்பு இணைகிறது என்று வைத்துக்கொள்வோம். 158இலிருந்து 0.95ஐக் (கருந்துளை ஜோடி 20 ஹெர்ட்ஸிலிருந்து எடுக்கும் நொடி) கழித்து 60ஆல் வகுத்தால் 2.6; விடை 28.7 ஹெர்ட்ஸ்.

அங்கே எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும்? அதிர்வெண் ஏறும் வேகம் என்பது அதிர்வெண்ணின் 3 மடங்கை, மீதமுள்ள நேரத்தின் 8 மடங்கால் வகுத்தது. 28.7 ஹெர்ட்ஸில் கருந்துளை ஜோடிக்கு மீதம் 0.36 நொடி, எனவே நொடிக்கு ஏறக்குறைய 30 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறுகிறது. நியூட்ரான் ஜோடியின் வேகம் அதனோடு ஒப்பிட ஒன்றுமில்லை. வேக வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் தொடர்புக் காலம்: 0.18 நொடி, அதாவது ஐந்து அலைகள். நியூட்ரான் சமிக்ஞை 5 ஹெர்ட்ஸிலிருந்து போடும் அலைகள் ஏறத்தாழ 50,000. ஐந்து கெட்டுப்போனால் அதன் சிர்ப் நிறை அசையாது. பாதிப்பு வந்தால் கருந்துளைப் பக்கம்தான் வரும், ஏனென்றால் அதற்கு 5 ஹெர்ட்ஸிலிருந்து மொத்தமே சுமார் 300 அலைகள்.

இதிலிருந்து எச்சரிக்கைப் பட்டியல் தானாக வந்துவிடும்: ஏறத்தாழ சம நிறையுள்ள, 0.1 நொடிக்குள் இணையும் கருந்துளை ஜோடிகள் முதலிடம். சிர்ப் நிறை நெருங்கிய இரு நியூட்ரான் ஜோடிகள் சில நொடிக்குள் இணைந்தால் அடுத்த இடம். இணைவுக் கட்டத்துக்கு மேற்படி எளிய வாய்பாடு பொருந்தாது என்பதால், முதலிடத்து ஜோடிகளை வாய்பாட்டை நம்பி விடுவிக்காதீர்கள். நேரே, பின்னர் வரும் பிறழ்வுக் கணக்குக்கு (அண்டைச் சமிக்ஞையால் அளவுரு எவ்வளவு விலகுகிறது என்ற கணக்குக்கு) அனுப்புங்கள்.

தரவு தயாரித்தல்

6,360 நொடிச் சமிக்ஞைக்கு 8,192 நொடித் துண்டு வேண்டும். 4,096 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் ஒரு தடத்துக்கு 3 கோடியே 35 லட்சம் எண்கள். சமிக்ஞை 5 ஹெர்ட்ஸில் மெல்ல நகரும்போது அவ்வளவு நுண்ணிய மாதிரி தேவையில்லை. அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, கீழ்ப்பட்டைக்குக் குறைந்த மாதிரி வீதம், மேல்பட்டைக்குக் குறுகிய துண்டு என்று வைத்தால் வேலை பல மடங்கு சுருங்கும்.

இரண்டாவது சமிக்ஞையைச் சேர்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அதன் இணைவு உங்கள் துண்டு முடிந்த பிறகு நடக்கிறது என்றால், அதிர்வெண் வெளியில் உருவாக்கிய அலைவடிவத்தை ஃபூரியே மாற்றம் வட்டமாகச் சுற்றி, இணைவைத் துண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து போட்டுவிடும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. நீண்ட காலத்துக்கு உருவாக்கி, பிறகு வெட்டி, ஓரங்களைச் சாளரமிட்டு மழுக்குங்கள்.

பூமி சுழற்சியையும் சேர்த்தே ஆகவேண்டும். 1 மணி 46 நிமிடத்தில் பூமி 26 பாகைக்கு மேல் திரும்பிவிடும். பில்பியின் வழக்கமான அமைப்பு கருவியின் திசை உணர்திறனை ஒரே நேரத்துக்கு மட்டும் கணக்கிடுவது. 100 நொடிச் சமிக்ஞைக்கு அது போதும், மணிக்கணக்கான சமிக்ஞைக்குப் போதாது. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் உரிய நேரத்தை மேற்சொன்ன வாய்பாட்டால் கண்டு, அந்த நேரத்து உணர்திறனைப் போடுங்கள். 40 கிலோமீட்டர் கைகளுக்கு இன்னொன்று: ஒளி போய்வரும் நேரம் புறக்கணிக்கக் கூடியதல்ல, 3,750 ஹெர்ட்ஸை நெருங்கும்போது உணர்திறன் அதிர்வெண்ணோடு நன்றாகவே மாறும்.

இரைச்சல் நிறமாலை

பக்கத்துத் துண்டிலிருந்து இரைச்சலை அளக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்காது, பக்கத்துத் துண்டிலும் சமிக்ஞைகள் இருக்கும். சராசரிக்குப் பதில் இடைநிலை எடுத்தால் குறுகிய கருந்துளை இணைவுகளின் தாக்கம் விலகும். ஆனால் இடைவிடாமல் ஓடும் நியூட்ரான் சமிக்ஞைகள் இடைநிலையிலும் ஒட்டிக்கொள்ளும். விளைவு, இரைச்சல் கூடுதலாகத் தெரியும், சமிக்ஞை-இரைச்சல் விகிதம் குறைவாக வரும்.

ஐன்ஸ்டைன் டெலஸ்கோப் முக்கோணமாக அமைந்தால் ஒரு நல்ல வழி உண்டு. மூன்று கருவிகளின் வெளியீட்டையும் கூட்டினால், எந்தத் திசையிலிருந்து வந்த ஈர்ப்பலையும் ரத்தாகிவிடும். இரைச்சல் மட்டும் மிஞ்சும். மூன்றின் இரைச்சலும் ஒத்ததாகவும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றதாகவும் இருந்தால், கூட்டுத் தடத்தின் நிறமாலையை மூன்றால் வகுத்தாலே ஒரு கருவியின் சுத்தமான நிறமாலை கிடைத்துவிடும். அளவுத்திருத்தம் மூன்றிலும் ஒன்றுபோல் இல்லையென்றால் ரத்து முழுமையடையாது, வலிமையான சமிக்ஞைகள் கசியும். எல் வடிவக் கருவிகளுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே நிறமாலையையும் சமிக்ஞைகளோடு சேர்த்தே பொருத்த வேண்டும்.

தேடலில் எது தொலையும்

வார்ப்புருவோடு ஒப்பிடும் தேடல், தடங்கள் குறுக்கிடும் ஜோடிகளைக்கூடப் பெரும்பாலும் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிடும். தொலைப்பது அதற்கடுத்த படிகள். முதலாவது கொத்தாக்கம்: ஒரு நேரச் சாளரத்துக்குள் வலிமையான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிரல் தூக்கி எறியும். நேரத்தோடு சிர்ப் நிறையையும் சேர்த்துக் கொத்தாக்கினால் இது தீரும். இரண்டாவது கை-வர்க்கச் சோதனை (ஒவ்வொரு அதிர்வெண் பட்டையின் பங்கும் எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று பார்ப்பது): நியூட்ரான் சமிக்ஞையின் ஒரு பட்டையில் கருந்துளை குறுக்கே போனால், அந்தப் பட்டையின் பங்கு எதிர்பார்த்ததைவிட எகிறி, உண்மைச் சமிக்ஞை கிளிட்ச் (கருவியில் எழும் திடீர் இரைச்சல்) என்று முத்திரை குத்தப்படும். வலிமையான சமிக்ஞையைக் கழித்துவிட்டு மறுபடி தேடுங்கள். 2017 நியூட்ரான் இணைவிலேயே, லிவிங்ஸ்டன் கருவியில் இணைவுக்கு 1.1 நொடி முன்பு பெரிய கிளிட்ச் விழுந்தது. முதல் கட்டத்தில் அந்தப் பகுதியைச் சுழியமாக்கினார்கள், பிறகு கிளிட்சை மாதிரியாக்கிக் கழித்தார்கள். வருங்காலக் கருவிகளில் சுழியமாக்கும் வழியை எட்டத்தில் வையுங்கள்: அந்த நொடியில் ஓடும் மற்ற சமிக்ஞைகளும் சேர்ந்து வெட்டுப்படும்.

பிறழ்வை மலிவாக மதிப்பிடுதல்

சலித்து மிஞ்சிய ஜோடிகளுக்கு ஃபிஷர் அணிக் கணக்கு (அளவுருக்களின் பிழையை முழுப் பொருத்தமின்றி மதிப்பிடும் அணி). முதல் சமிக்ஞையின் ஒவ்வொரு அளவுருவுக்குமான வகைக்கெழுவை, இரண்டாவது சமிக்ஞையோடு இரைச்சல் எடையிட்ட உட்பெருக்கம் செய்யுங்கள். அந்த வெக்டரை ஃபிஷர் அணியின் நேர்மாறால் பெருக்கினால் ஒவ்வொரு அளவுருவின் பிறழ்வும் வரும். அதைப் புள்ளியியல் பிழையோடு ஒப்பிடுங்கள். பிறழ்வைப் பிழையால் வகுத்த விகிதம் 0.3க்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம், 1க்கு மேல் கூட்டுப் பகுப்பாய்வு கட்டாயம், இடைப்பட்டவற்றுக்குக் கழித்தல் போதும் என்பது எங்கள் அளவுகோல்.

இந்த விகிதம் முதல் சமிக்ஞையின் வலிமையைச் சார்ந்ததல்ல. முதலாவது வலுத்தால் பிறழ்வும் பிழையும் ஒரே வீதத்தில் சுருங்கும். விகிதத்தை நிர்ணயிப்பது இரண்டாவதின் வலிமையும் இரண்டின் ஒற்றுமையும்தான். வலிமையான சமிக்ஞை தன்னால் தப்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அருகிலுள்ளது மெலிந்திருப்பதால்தான் அது தப்பிக்கிறது.

இரண்டு இடங்களில் கணக்கு ஏமாற்றும். ஒன்று, வகைக்கெழுவுக்கான படி அளவு. 50,000 அலைகள் உள்ள சமிக்ஞையில் சிர்ப் நிறையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றினால் கட்டம் எட்டு அலைகளுக்கு மேல் நகர்ந்துவிடும். அங்கே எடுத்த வகைக்கெழு வெறும் குப்பை. பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்குங்கள், அல்லது தானியங்கு வகைக்கெழு தரும் அலைவடிவ நிரலைப் பயன்படுத்துங்கள். மற்றொன்று, சார்புக் கட்டம். இரு சமிக்ஞைகளின் கட்ட வித்தியாசம் மாற மாற உட்பெருக்கம் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையே ஊசலாடும். ஒரே ஒரு கட்டத்தில் ஓட்டிப் பார்த்துப் பிறழ்வு இல்லை என்று அறிவிப்பது தவறு. எட்டுக் கட்டங்களிலாவது, இணைவு நேரத்தைச் சில மில்லிநொடிப் படிகளில் நகர்த்தியும் பாருங்கள்.

கழித்தல், அல்லது கூட்டுப் பகுப்பாய்வு

கழித்தல் முறை எளிது: வலிமையானதைத் தனியாகப் பொருத்தி, சிறந்த பொருத்தத்தைக் கழித்து, மீதியில் இரண்டாவதைப் பொருத்துங்கள், பிறகு மூலத் தரவிலிருந்து இரண்டாவதைக் கழித்து முதலாவதை மறுபடி பொருத்துங்கள். மதிப்புகள் பிழையின் பத்தில் ஒரு பங்குக்குள் நிலைபெறும்வரை சுற்றுங்கள். மூன்று நான்கு சுற்றிலும் நிலைபெறாமல் இரண்டு விடைகளுக்கிடையே தாவினால், அந்த ஜோடியைக் கழித்தலால் பிரிக்க முடியாது, நிறுத்திவிடுங்கள்.

கழித்த பிறகு என்ன மிஞ்சும் என்பதற்கும் கணக்கு உண்டு. அலைவடிவம் துல்லியமானது என்றால், மிச்சத்தின் சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தின் வர்க்கம் சராசரியாகப் பொருத்திய அளவுருக்களின் எண்ணிக்கைக்குச் சமம். 15 அளவுருக்கள் என்றால் மிச்சம் 3.9, மூலச் சமிக்ஞை எவ்வளவு வலிமை என்பது பொருட்டே அல்ல. அலைவடிவமே பிழையானது என்றால் கதை வேறு. பொருத்தக் குறைவு (அலைவடிவம் உண்மையிலிருந்து விலகும் அளவு) பத்தாயிரத்தில் ஒன்று, சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 1,000 என்று எடுத்துக்கொண்டால், மிச்சம் 14. வழக்கமான கண்டறிதல் எல்லையான 8ஐ அது தாண்டிவிடுகிறது! இல்லாத ஒரு சமிக்ஞை பட்டியலில் ஏறும் வழி இதுவே. ஆகவே மிக வலிமையான நிகழ்வுகளின் நிழலில் கண்டுபிடிக்கப்படும் எதையும் இரண்டு வெவ்வேறு அலைவடிவக் குடும்பங்களால் கழித்துப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

கூட்டுப் பகுப்பாய்வில் தரவிலிருந்து இரு அலைவடிவங்களையும் ஒன்றாகக் கழித்து நிகழ்தகவு கணக்கிடப்படும். அளவுருக்கள் 30, ஓதத் திரிபைச் (ஈர்ப்பால் விண்மீன் உருமாறுவதைச்) சேர்த்த இரு நியூட்ரான் ஜோடிகளுக்கு 34. டைனெஸ்டி போன்ற சாம்ப்ளரில் (அளவுரு மதிப்புகளைத் தேடி மாதிரி எடுக்கும் நிரலில்) உயிர்ப்புள்ளிகளை, அதாவது ஒரே நேரத்தில் தேடும் மாதிரிப் புள்ளிகளை, குறைந்தது இரட்டிப்பாக்குங்கள். சமிக்ஞைகள் பெயர் மாற்றிக்கொள்வது பொதுவான கோளாறு: ஒன்றை இரண்டு என்றும் இரண்டை ஒன்று என்றும் எடுத்தாலும் நிகழ்தகவு மாறாது, பின்நிகழ்தகவில் ஒவ்வொரு அளவுருவுக்கும் இரண்டு முகடுகள் எழும். இணைவு நேர வரிசையை முன்நிகழ்தகவில் கட்டாயமாக்கினால் தீரும். இணைவு நேரங்களே ஒன்றோடொன்று கலந்திருந்தால் சிர்ப் நிறை வரிசையைக் கட்டாயமாக்குங்கள்.

வேகத்துக்காக ஒப்பீட்டுப் பட்டை முறையை (மேற்கோள் அலைவடிவத்தோடு உள்ள விகிதத்தைச் சில பட்டைகளில் மட்டும் கணக்கிடும் முறையை) பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு சமிக்ஞைக்கும் தனி மேற்கோள் அலைவடிவம் வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான குறுக்கு உட்பெருக்கத்தையும் தனியே கணக்கிட வேண்டும். குறுக்கு உறுப்பை விட்டுவிட்டால் இரண்டு தனிப் பகுப்பாய்வுகளை ஓட்டியதற்குச் சமம், முயற்சியே வீண்.

(விண்வெளிக் கருவியான லிசாவில் தனித்தனியாகப் பிரித்தறியக்கூடிய வெண்குறுமீன் இரட்டைகளே சுமார் பத்தாயிரம் ஒரே தரவில் இருக்கும் என்பதால் அங்கே எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. நிலத்துக் கருவிகளுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.)

சரிபார்த்தல்

முதலில் இரைச்சலைச் சுழியமாக்கி ஓட்டுங்கள். அப்போதும் உண்மை மதிப்பு முகட்டிலிருந்து விலகினால் காரணம் அண்டைச் சமிக்ஞையோ நிரல் பிழையோதான். அடுத்து, இரண்டாவது சமிக்ஞையே இல்லாத தரவில் கூட்டு மாதிரியை ஓட்டுங்கள். இரண்டாவதின் தொலைவு முன்நிகழ்தகவின் தூர எல்லைக்குப் போய் ஒதுங்க வேண்டும். ஒதுங்காமல் நடுவில் ஒரு சமிக்ஞையைக் கண்டுபிடித்தால், அது இரைச்சலைத் தின்கிறது. இறுதியில், முன்நிகழ்தகவிலிருந்து எடுத்த நூறு ஜோடிகளுக்கு நம்பிக்கை இடைவெளிச் சோதனை: 90 சதவீத இடைவெளிக்குள் உண்மை மதிப்பு 90 முறையை ஒட்டி விழவேண்டும்.

சம நிறைக் கருந்துளை ஜோடிகள் இரண்டு நெருங்கி இணையும்போது வீச்சு விம்மி அடங்கும். ஒற்றைச் சமிக்ஞை மாதிரி அதைச் சுழல்தள அசைவு என்றோ, நீள்வட்டப் பாதை என்றோ விளக்கிவிடும்; பொதுச் சார்பியலிலிருந்து விலகல் என்றுகூட விளக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று வலுவாக வந்தால், அறிவிக்கும் முன் அதே தரவில் இரு சமிக்ஞை மாதிரியையும் ஓட்டி, இரண்டின் பேயஸ் காரணியை ஒப்பிடுங்கள்.